மூன்று ஊசிக்குப் பிறகும் காய்ச்சலா?

பொள்ளாச்சி
ஜூலை 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. கொரோனாக் காய்ச்சல் விட்டு, சோறு ருசிக்க ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். இருமல் இன்னும் ஒரு வாரம் இழுக்கும். அதற்காகத் தங்கச்சியை ராத்திரியில் எழுப்பிக் கஷாயம் கேட்காதே.

"மூணு ஊசியும் போட்டு என்ன புண்ணியம், எனக்கே வந்துருச்சே" என்று கேட்டிருக்கிறாய். மெடிக்கல் வைத்திருக்கிறவனிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான். அந்த ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று போடும்போதே யாரும் நமக்குப் பிரித்துச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

நீ போட்ட கொரோனா ஊசி மூன்றும் கோவிஷீல்டு. சீனாவில் முதலில் கிளம்பிய வைரஸைப் பார்த்துச் செய்த ஊசி அது. 2021 நவம்பரில் ஒமிக்ரான் என்கிற மாறிய வகை வந்தபோது, அதன் மேலிருக்கும் முள் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. ஊசியால் நம் ரத்தத்தில் ஊறிய எதிர்ப்புப் பொருள் அந்த முள்ளைப் பார்த்துத்தான் பிடிக்கிறது. சந்தையில் மாட்டுக்குக் கொம்புச் சாயத்தை மாற்றியடித்தால் புதுசாக வாங்க வருகிறவன் ஏமாந்துபோவான். சுழி பார்க்கிற தரகன் ஏமாற மாட்டான். எதிர்ப்புப் பொருள் சாயம் பார்க்கிற ஆள். டி செல் என்று ஒரு வகை வெள்ளை ரத்த அணு இருக்கிறது, அதுதான் நம் தரகன். முள் புரதத்தின் பல துண்டுகளை அது ஞாபகம் வைத்திருக்கும், அவற்றில் பெரும்பகுதி ஒமிக்ரானிலும் மாறவில்லை. ஆனால் வைரஸ் நம் உடம்புச் செல்லுக்குள் புகுந்த பிறகுதான் இந்த ஆள் வேலையில் இறங்குவான். அதனால்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது, ஆனால் நெஞ்சுச் சளியாகி ஆக்சிஜன் வைக்கிற நிலைக்குப் போகவில்லை.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. ஒமிக்ரான் பரவியபோது இங்கிலாந்தில் பார்த்தார்கள். மூன்றாவது ஊசி போட்ட சில வாரங்களுக்கு அறிகுறியோடு வரும் நோயிலிருந்து 60 முதல் 75 சதவீதம் வரை காப்பு இருந்தது. நாலு மாதம் போவதற்குள் அது 25 முதல் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு எதிரான காப்போ 90 சதவீதத்தை ஒட்டித் தொடங்கி, சில மாதம் கழித்தும் 75 பக்கம் நின்றது. அங்கே மூன்றாவதாகப் போட்டது ஃபைசர், இல்லை மாடர்னா. நம் கோவிஷீல்டுக்கு அந்த எண்களை அப்படியே ஒட்டவைக்க முடியாது. ஆனால் போக்கு அதேதான்: காய்ச்சலைத் தடுப்பது சீக்கிரம் கரையும், உயிரைக் காப்பது நின்று பேசும்.

ஹாங்காங் கதை இன்னும் கொடுமை. 2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் அங்கே நுழைந்தபோது, எண்பது தாண்டிய பெரியவர்களில் நிறையப் பேர் ஊசியே போடாமல் இருந்தார்கள். "லேசான வகை" என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்த அதே வைரஸ் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. மூன்று தவணை போட்ட முதியவர்களிடம் சாவு வெகு குறைவு.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள். 2021 மே கடைசியில் கோவையின் ஒருநாள் கணக்கு சென்னையைத் தாண்டியது, அன்றைக்கு முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் கவச உடை மாட்டிக்கொண்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி வார்டுக்குள் போனார். அப்போது ஊசி போட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்புறம் மெகா ஊசி முகாம் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை கறியும் தண்ணியும் போய்விடுமே என்று ஆள் வராமல், சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்! நம் சனத்தை என்ன சொல்ல.

வாட்ஸப்பில் உனக்கு வந்த சமாச்சாரம், அதுதான், ஊசி போட்ட இளவட்டங்கள் திடீரென்று சாகிறார்கள் என்பது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 18 முதல் 45 வயதுக்காரர்களிடம் இதை ஆராய்ந்து 2023இல் வெளியிட்டது. ஊசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை, இரண்டு தவணை போட்டவர்களுக்குக் குறைந்தே இருந்தது. குடும்பத்தில் அப்படிச் சாவு நடந்திருப்பது, கடைசி இரண்டு நாளில் மட்டுமீறிக் குடித்தது, கடுமையாக உடம்பை வருத்தியது, இவைதான் காரணமாகத் தெரிந்தன. கோவிஷீல்டில் ரத்தம் உறைகிற பிரச்சினை உண்மை. ஆனால் வெகு அபூர்வம், அதுவும் பெரும்பாலும் முதல் ஊசி போட்ட சில வாரங்களுக்குள். இத்தனை வருஷம் கழித்து நீ அதற்குப் பயப்படுவது வீண்.

சரி, அத்தைக்கு இன்னொரு ஊசி வேண்டுமா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். உனக்கு இப்போது அவசரம் இல்லை. சர்க்கரை இல்லை, போன வாரம்தான் வந்து போயிருக்கிறது, அதுவே ஒரு பூஸ்டர் மாதிரி. அத்தைக்கு எண்பத்திரண்டு, சர்க்கரையும் உண்டு. இங்கிலாந்தில் 75 தாண்டியவர்களுக்கு 2025 வசந்தத்திலும் போட்டார்கள், அதுவும் ஒமிக்ரானின் வாரிசான ஜே.என்.1 வகைக்கு ஏற்ப மாற்றிய ஊசி. இந்த 2025இல் சுற்றுகிற என்.பி.1.8.1, எக்ஸ்.எஃப்.ஜி. வகைகள் எல்லாம் அந்த ஜே.என்.1 வழியில் வந்தவைதான். ஆக, கிடைத்தால் அத்தைக்குப் போடு என்பேன். கிடைப்பதுதான் இங்கே பாடு. என் மொத்த வியாபாரியிடம் கேட்டேன். "யாருங்க கேக்கறாங்க, நாங்க எடுக்கறதே இல்லீங்க" என்றான். புனேயில் ஜென்னோவா கம்பெனி செய்த ஒமிக்ரான் ஊசிக்கு 2023 ஜூனில் அவசர அனுமதி கிடைத்தது, என் கடைக்கு அது எட்டிப் பார்க்கவில்லை. கோவையில் பெரிய ஆஸ்பத்திரி எதிலாவது விசாரித்துச் சொல்கிறேன்.

அதுவரை அத்தைக்கு ஃபுளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போட்டுவிடு. இரண்டும் கிடைக்கிறது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். காய்ச்சலோடு 94க்குக் கீழே காட்டினால் கஷாயம், நெற்றிப் பத்து என்று உட்காராமல் வண்டியை எடு.

இங்கே ஆடிக் காத்து இப்போதே கதவைப் பிடுங்குகிறது. தேங்காய் விலை ஏறிக் கிடக்கிறது, ஆனால் வெள்ளை ஈயும் வாடல் நோயும் தின்றது போக மரத்தில் காய் எங்கே இருக்கிறது? சின்னவள் கல்யாணம் ஆவணியில். பத்திரிகை அடித்ததும் நானே நேரில் வருகிறேன். உன் மஞ்சள் எப்படி வந்திருக்கிறது? அத்தையின் மாத்திரைச் சீட்டை போட்டோ பிடித்து அனுப்பு, போன தடவை கொடுத்த பிரஷர் மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்