எங்கள் சபைச் சேகர மக்களுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கும்

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

என் கணவரை நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடக்கிறார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

சபை குருவான ஐயரவர்களுக்கும் ஐயரம்மாவுக்கும், ராத்திரி என்று பாராமல் வண்டி எடுத்த வாலிபர் சங்கத் தம்பிகளுக்கும், ரத்தம் கொடுத்தவர்களுக்கும், அரிசியும் பருப்புமாகக் கொண்டுவந்து வைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் விட்டுப் போயிருந்தால் மன்னியுங்கள். உங்கள் முகமெல்லாம் மனசில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என் மாமனார் காலத்தில் வேலிக்காக நடந்த கேஸ் ஊரறிந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது, கிணறும் எங்கள் வேலிக்குள் வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் தெருக்குழாயில்தான். இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. ஒரே கோயிலில் அருகருகே முழங்காலிட்டு நற்கருணை வாங்குவோம், வெளியே வந்தால் ஆளுக்கொரு பக்கம் போவோம்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. துணைக்கு மாமியார் மட்டும், அவர்களுக்கோ கை நடுக்கம். மகளுக்கு இடுப்பு வரை முடி, நான்தான் தினமும் பின்னிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை மடித்துக் கட்டித்தான் போக வேண்டும். முதல் பரீட்சை அன்று தலையை விரித்துப் போட்டபடி வாசற்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். பெரியம்மா வேலியைச் சுற்றி வந்து, ஒன்றும் கேட்காமல் பின்னால் உட்கார்ந்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வகிடு பிரித்து, இரண்டு சடைக்கும் ரிப்பன் கட்டி, “எழுதினதை ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுக் குடு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு பரீட்சைக்கும் விடியும்போதே சீப்போடு வந்துவிட்டார்கள். ராத்திரி எங்கள் வராந்தாவிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். மகள் இதை போனில் சொன்னபோது நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மற்ற உதவிகளுக்கு நாங்களும் எப்போதாவது ஏதாவது திருப்பிச் செய்திருப்போம், இனியும் செய்வோம். பெரியம்மா வீட்டுக்கு எங்கள் வீடு செய்த நன்மை என்று ஒன்றுமே கிடையாது.

அன்று ராத்திரி வேதாகமத்தில் 2 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பழைய ராஜா சவுல் தாவீதின்மேல் ஈட்டி எறிந்தவன், காடு மலையெல்லாம் விரட்டினவன். அவன் பேரன் மேவிபோசேத் ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவன். லோதேபாரில் இன்னொருவர் வீட்டில் இருந்தான். புது ராஜாவான தாவீது பழைய ராஜாவின் வம்சத்தைத் தேடுகிறார் என்றால் பயப்படாமல் என்ன செய்வான்? தாவீது தேடினதோ தயவு செய்ய. பாட்டன் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, ராஜகுமாரரில் ஒருவனைப் போலத் தன் பந்தியில் உட்கார வைத்தார். எல்லாம் மேவிபோசேத்தின் தகப்பனும் தன் சிநேகிதனுமான யோனத்தானுக்காக. மேவிபோசேத் அதற்கென்று செய்தது ஒன்றுமில்லை. வந்தான், சாப்பிட்டான். இந்தக் கதையில் நாங்கள் சவுலின் வீட்டார்.

பெரிய வெள்ளியன்று கோயிலுக்கு வர முடியவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு வந்தேன், இரண்டாவதைத் தாண்டிப் போக முடியவில்லை. அது பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளனுக்குச் சொன்னது. அந்தக் கள்ளனுக்கு ஞானஸ்நானம் எடுக்க நேரமில்லை. திருடினதைத் திருப்பிக் கொடுக்கவோ, ஒரு நல்ல காரியம் செய்து காட்டவோ வழியில்லை. என்னை நினைத்தருளும் என்று கேட்டான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது. என் ஆண்டவர் அப்படிப்பட்டவர். அவரைத் தெரிந்தவர்கள்தான் பெரியம்மா மாதிரி வேலியைச் சுற்றி வருவார்கள்.

நேற்று வந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “சடை பின்னிவிட்டதுக்கெல்லாம் யாராவது நன்றி சொல்லுவாங்களாட்டி? முதல்ல நீ சாப்பிட்டியா?” என்றார்கள். சாப்பிடவில்லை. சோறு போட்டார்கள்.

கணவரும் நானும் பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். கிணற்றுப் பக்கம் வேலியைப் பிரித்து வழி விடுகிறோம். அதில் கதவோ பூட்டோ இருக்காது. இதை யாரும் கைம்மாறு என்று நினைக்க வேண்டாம். பெரியம்மா செய்ததற்கு விலை போட எங்களால் ஆகாது. அந்தத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்கும் உரியது. சபையாரெல்லாம் கூடிச் சாப்பிடும் அசனம் முடிந்த மறுநாள் வேலை ஆரம்பிக்கிறது. மண் அள்ள இரண்டு தம்பிமார் வந்தால் உதவியாக இருக்கும்.

ஞாயிறு ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறோம். அசனத்தன்று காய் வெட்ட நானும் மகளும் வருவோம். வீட்டுக்கு வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள். அவரை அதிகம் பேச வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்து இன்னும் பல மாதம் இருக்கிறது, ஜெபத்தில் எங்களை விட்டுவிடாதீர்கள்.