டிரெய்லர் விளக்கு ஏன் மங்குகிறது: மகளுக்கு ஒரு கடிதம்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாயிருக்க வேண்டுகிறோம். இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டதால் பகலில் வாசற்படியில் கால் வைக்க முடியவில்லை. நீயோ மிச்சிகனில், காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் உன் டிரெய்லரில், இரவுக் குளிருக்கு ஹீட்டர் பற்றவில்லை என்று வருந்துகிறாய்.

தொலைபேசியில் நீ சொன்னதைத் தாளில் குறித்துவைத்து இரண்டு நாள் யோசித்தேன். முகாமிடத்தில் பிளக்கைச் செருகியிருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது; பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டினால், தண்ணீர் பம்ப் ஓடும்போதெல்லாம் விளக்கு மங்குகிறது, ஹீட்டரின் விசிறி சோம்பலாகச் சுற்றுகிறது. கடைக்காரர் சொன்னார் என்று புதிய பேட்டரி வாங்கிப் போட்டும் இரண்டாம் வாரமே பழைய கதை. இப்போது கன்வர்ட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள் என்கிறாய். தயவுசெய்து மாற்றாதே.

உன் வண்டிக்குள் இரண்டு மின்சாரம் ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் 120 வோல்ட், ஏர்கண்டிஷனருக்கும் மைக்ரோவேவுக்கும் போகிறது; விளக்கு, பம்ப், ஹீட்டர் விசிறி எல்லாம் 12 வோல்ட். 120 வோல்ட்டை வாங்கி ஏறத்தாழ 13.6 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் கன்வர்ட்டரின் வேலை. அது பியூஸ் பெட்டியை ஒட்டியே இருப்பதால், பிளக் செருகியிருக்கும்வரை விளக்குக்கு நேராகக் கொடுத்துவிடுகிறது. பிளக்கை எடுத்த பிறகோ, அத்தனை கரண்ட்டும் பேட்டரியிலிருந்து கிளம்பி, வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகவே பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்தத் திரும்பும் வழியில், அதாவது நாங்கள் எர்த்து என்று சொல்லும் இடத்தில், ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்பது என் எண்ணம். புதிய பேட்டரி சரியாக ஏறாமல் போனதற்கும் அதுவே காரணமாகலாம்; சார்ஜ் ஏறும் கரண்ட்டும் அதே கெட்ட இணைப்பைத்தானே கடக்கிறது!

ராணிப்பேட்டை முத்துக்கடையில் நான் வண்டி மின்வேலைக் கடை வைத்திருந்தபோது தோல் ஏற்றிவரும் லாரிகள் நிறைய வரும். பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவியிருப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிச் சேஸியை, அதாவது வண்டியின் சட்டத்தை, அரித்துவிடும். ஒரு வண்டியில் பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. டிரைவர் பல்பையும் பிளாஷரையும் மாற்றிச் சலித்துப்போய் வந்திருந்தார். நான் வண்டிக்கு அடியில் படுத்து எர்த்து போல்ட்டைப் பார்த்தேன்: மேலே வெள்ளையாக உப்புப் பொருக்கு, கீழே செதில் செதிலாகத் துரு, லக்கின், அதாவது ஒயர் நுனியிலுள்ள வளையத்தின், ஓரத்தில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் சரியாகிவிட்டது. உங்கள் ஊரில் பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள் என்று நீதான் சொன்னாய். கைமாறி வாங்கிய உன் டிரெய்லர் எத்தனை பனிக்காலம் அந்த உப்பில் ஓடியதோ.

ஆனால் நான் சொல்கிறேன் என்று நம்ப வேண்டாம், அளந்து பார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்ப், ஹீட்டர், விளக்கு எல்லாவற்றையும் போடு. சுமை ஓடாதபோது கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே காட்டும்; ஆகையால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, முதலில் பேட்டரியின் இரண்டு முனைகளிலும், பிறகு பியூஸ் பெட்டியின் பாசிட்டிவ், நெகட்டிவ் முனைகளிலும் அள. முதலாவது 12.4, இரண்டாவது 11 என்று வந்தால் 1.4 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. அடுத்து மீட்டர் ஒயரின் ஒரு முள்முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மற்றொன்றைச் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வை. ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். அங்கே இல்லையென்றால், சட்டத்துக்கும் பியூஸ் பெட்டியின் நெகட்டிவுக்கும் நடுவில் அதேபோல் பார்.

ஹீட்டர் பற்றாததும் தனி நோயாக இருக்காது. விசிறியின் காற்று போதிய வேகத்தில் தள்ளினால்தான் உள்ளே ஒரு சிறு சுவிட்ச் மூடிக்கொண்டு கேஸைத் திறக்கவிடும். வோல்ட் குறைந்தால் விசிறி தளரும், சுவிட்ச் மூடாது.

கழற்றும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று, மாட்டும்போது கடைசியில் அதை மாட்டு. கை வளையலையும் மோதிரத்தையும் எடுத்து வைத்துவிடு. என் விரலில் உள்ள வளையத் தழும்பைப் பற்றிச் சிறுவயதில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாய். பாசிட்டிவில் ஸ்பேனர் வைத்திருந்தபோது மோதிரம் ஸ்பேனரையும் சேஸியையும் ஒருசேரத் தொட்டதால் வந்தது அது. போல்ட்டைச் சுற்றி இரும்பு பளிச்சென்று தெரியும்வரை கம்பி பிரஷால் தேய்த்து, புதிய லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவு.

120 வோல்ட் பக்கம் மட்டும் நீ கை வைக்காதே. வீட்டு கராஜில் டிரெய்லருக்கு 30 ஆம்பியர் பாயின்ட் போடப்போவதாக மாப்பிள்ளை சொன்னார். அந்த மூன்று முனைப் பாயின்ட்டைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கானது என்று எண்ணி 240 வோல்ட் கொடுத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. செருகிய உடனே உள்ளிருக்கும் 120 வோல்ட் சாதனங்கள் கருகிவிடலாம். எலக்ட்ரீஷியன் முடித்ததும், வண்டியைச் செருகுவதற்கு முன்பே, 120 வோல்ட்தான் வருகிறதா என்று அவரையே அளந்து காட்டச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை அங்கே காலை ஒன்பதரைக்கு, இங்கே இரவு ஏழு மணிக்கு, தொலைபேசியின் பக்கத்திலேயே இருப்பேன். அளந்த எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடு. போல்ட்டைத் தேய்ப்பதற்கு முன் அதை ஒரு புகைப்படமும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா