நாய் கடித்தால் பிள்ளை உங்களிடம் பயமின்றிச் சொல்ல வேண்டும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பு தினம். அன்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசுகிறோம். அதற்கு முன் உங்களோடு பேச வேண்டிய விடயம் ஒன்று இருக்கிறது.

கடந்த தவணையில் தரம் 4 பிள்ளை ஒருவர், கெண்டைக்காலில் நாய்ப்பல் பட்ட இடத்தைக் காலுறையால் மூடிக்கொண்டு இரண்டு நாள் பாடசாலைக்கு வந்தார். ரியூசன் விட்டு வரும் வழியில் தாய் நாய் பக்கத்தில் இருக்கவே குட்டியைத் தூக்கியிருக்கிறார். குழாயடியில் கால் கழுவும்போது வகுப்பாசிரியை கண்டுவிட்டார். ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அம்மா ஏசுவா ரீச்சர்" என்றார். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஊசி போட்டாயிற்று, இப்போது நலமாக இருக்கிறார்.

அந்தப் பயம்தான் எனக்குக் கவலை. விசர்நாய்க்கடி நோயின் கிருமி கடிவாயிலிருந்து நரம்பு வழியே மூளைக்கு மெதுவாகப் போகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். முகத்திலோ தலையிலோ கடித்தால் இன்னும் சீக்கிரம். அது மூளையை அடையும் முன் ஊசி போட்டால் பிள்ளை தப்பும். தண்ணீரைக் கண்டு மிரளும் நிலை வந்துவிட்டால் காப்பாற்ற மருந்தே கிடையாது. உலகில் இந்த நோயால் இறப்பவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள். ஆகவே இன்றிரவே பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "நாயோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும் சொல்லு, ஏசமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி ஏசாமலும் இருங்கள்.

கடித்துவிட்டால் முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவுவது. 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். பிள்ளை அழுதாலும் விடாதீர்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்ப வேண்டாம். பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அதெல்லாம் வைத்தியசாலைக்குப் போய் வந்த பிறகு. அரச வைத்தியசாலையில் இந்த ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று அம்மம்மாமார் இன்னும் சொல்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். எத்தனை ஊசி என்பதை வைத்தியர் முடிவு செய்வார். சொன்ன திகதி ஒன்றையும் தவறவிடாதீர்கள், அதற்காக லீவு எடுத்தால் நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். அதற்கு நோய் இருக்கிறதா என்று 14 நாள் கவனிக்க வேண்டும். செத்துவிட்டால் புதைக்கும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் சோதித்துப் பார்க்க முடியும்.

அப்புறம், வீட்டு நாய். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இன்று அது வருடத்துக்கு 50க்கும் கீழே வந்திருக்கிறது என்றால், நாய்களுக்குப் போட்ட ஊசிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஓர் ஊரில் 100 நாயில் 70க்கு ஊசி போட்டிருந்தால் நோய் தாவிப் போக இடமில்லாமல் அடங்கிவிடும். கட்டாக்காலிகளைக் கொன்றால் தீராது. சந்தையில் மீன் கழிவு கிடக்கும்வரை வேறு நாய்கள் வந்து சேரும், அவை ஊசி போடாதவையாக இருக்கும். உங்கள் நாய்க்கு வருடம் ஒரு முறை போடுங்கள். வாவியின் மேற்கே படுவான்கரையில் வாடிக் காவலுக்கு விட்டிருக்கும் நாயையும், பிள்ளை தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இடமும் நாளும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அரச கால்நடை வைத்தியரிடமோ கேட்டறியலாம்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. இடைவேளை மணி அடித்ததும் வேப்பமரத்தடியில் நாய்கள் வந்து வரிசையாகக் குந்திவிடுகின்றன, பிள்ளைகள் மிச்சச் சோற்றை எறிவதால்தான். இனி மிச்சம் மூடி உள்ள வாளிக்குள் போகும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக்கூடாது, கல்லால் எறியக்கூடாது, நாய் துரத்தினால் ஓடாமல் அசையாது நிற்க வேண்டும் என்று வகுப்பில் பழக்குகிறோம். நீங்களும் வீட்டில் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

கீழே உள்ள துண்டில், வீட்டில் எத்தனை நாய், பூனை, கடைசியாக எப்போது ஊசி போட்டது என்று எழுதி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். ஊசி போடவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். அந்த விபரத்தை வைத்துத்தான், நம் ஊரிலேயே ஒரு நாள் வந்து ஊசி போடும்படி சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தைக் கேட்கப் போகிறோம்.

இப்படிக்கு,
அதிபர்