கேட்டுவிட்டு மாற்றுங்கள்: லாரி ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒர்க்‌ஷாப் உரிமையாளர்களுக்கும், ஜாப் கார்டு எழுதும் சர்வீஸ் அட்வைசர்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு லாரி வைத்து அதை நானே ஓட்டிப் பிழைக்கிறவன் நான். எங்கள் நிலைமையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வண்டி உங்கள் ஷெட்டில் நின்றால் வாடகை நின்றுவிடும்; டியூ நிற்காது. அது உங்களுக்கும் தெரியும், கடன் கொடுத்தவருக்கும் தெரியும்.

போன மாதம் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது, இழுவை குறைந்தது, ஏற்றத்தில் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. உங்களில் ஒருவரிடம்தான் விட்டேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு நாக்ஸ் சென்சார், அதாவது புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்கும் சென்சார், போய்விட்டது என்றார்கள். சரி என்றேன். மாற்றியும் விளக்கு அணையவில்லை. அடுத்து, அந்த நாக்ஸைக் குறைக்க சைலன்சருக்குள் யூரியா தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றினார்கள். அப்போதும் அணையவில்லை. கடைசியில் ஒரு ஹெல்பர் பையன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது, சென்சாருக்குப் போகும் வயர் சேஸிஸில் உரசி அறுந்திருப்பது தெரிந்தது. ஒரு துண்டு வயரும் கொஞ்சம் டேப்பும் போட்டதும் விளக்கு அணைந்தது.

பில்லில் மூன்றும் இருந்தன. இன்ஜெக்டரை மாற்றப் போகிறோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எங்கேயோ தொலைவில் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. பாதுகாப்பு விதிப்படி ஷெட்டுக்குள் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதால், கேட்டுக்கு வெளியே பெஞ்சில், கையில் ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். பழைய இன்ஜெக்டரையாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்றார்கள். அதில் ஒரு கோளாறும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பது அதுதான். கெட்டுப்போன பாகத்துக்குப் பணம் கட்டிப் பழகியவன் நான். நல்ல பாகத்தைத் தூக்கிப் போடுவதற்கும் நானே கட்ட வேண்டுமா?

அன்றைய எரர் கோடை ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எஸ்பிஎன் 3226, எஃப்எம்ஐ 9. லாரியின் கம்ப்யூட்டர்கள் தகவல் பரிமாறும் ஜே1939 தரப்படி முதல் எண் எந்த இடம் என்று சொல்லும், இரண்டாவது எண் அங்கே என்ன கோளாறு என்று சொல்லும். உங்களுக்குத் தெரியாததா? 3226 என்பது வெளியே போகும் புகையில் நாக்ஸை அளக்கும் சென்சார். 9 என்றால் அதிலிருந்து தகவல் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை. சென்சாரே செத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கரண்ட் போகிறதா, பிளக்கில் பச்சை பூத்திருக்கிறதா, வயர் முழுசாக இருக்கிறதா என்று மல்ட்டிமீட்டரை எடுத்துப் பார்த்த பிறகுதானே சென்சாரில் கை வைக்க வேண்டும்? அதையும் விடுங்கள். தகவல் அனுப்பாத சென்சாருக்காக யூரியா இன்ஜெக்டரை மாற்றியது எந்தக் கணக்கு?

என் கோரிக்கை ஒன்றுதான். எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டுக்கு மேல் ஒரு போல்ட் மாற்றுவதானாலும், கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

இது கஞ்சத்தனம் இல்லை. கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கியிருக்கிறீர்கள், இன்ஜின் பின்பக்கத்து ஆயில் சீல் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோன் செய்து, "இப்போதே சீலையும் மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் இன்னொரு தடவை கியர்பாக்ஸை இறக்க வேண்டிவரும்" என்று சொன்னால் எந்த ஓனர் மறுப்பான்? அப்படிச் சொல்கிற மெக்கானிக்கைத்தான் நாங்கள் ஊர் தாண்டியும் தேடிப் போகிறோம். ஆனால் அந்த சீலுக்கும் தனியாக கியர்பாக்ஸ் இறக்கிய கூலியைப் போட்டு பில் தராதீர்கள். இறக்கியது ஒரு முறைதான்.

வண்டியை எடுத்த மறுநாள் உங்கள் ஆபீஸிலிருந்து ஃபோன் வந்தது. சேவை எப்படி இருந்தது, பத்துக்குப் பத்து மார்க் போடுங்கள் சார் என்றார் ஒரு பெண். மார்க் கேட்க நம்பர் இருக்கிறது, இன்ஜெக்டரை மாற்றலாமா என்று கேட்க நம்பர் இல்லை! அந்தப் பெண் பாவம், அவர் என்ன செய்வார்; பத்து போட்டுவிட்டேன்.

லாரி கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? பல எரர் கோடுகளைப் படிக்கவும் அழிக்கவும் தங்கள் சாஃப்ட்வேரைத்தான் வாங்க வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் தனி மெக்கானிக் அனுபவத்தை நம்பி ஊகிக்கிறார், நீங்கள் கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் வருகிறோம். பழுது பார்க்கத் தேவையான தகவல்களைத் தனி ஒர்க்‌ஷாப்களுக்கும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018/858 என்ற ஒழுங்குமுறையே இருக்கிறது, 2020 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கே முடிவது மற்ற இடங்களில் ஏன் முடியாது என்று கம்பெனிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும். சரி, அவர்களோடு சண்டை இன்னொரு நாள். இந்த மடல் உங்களுக்கு.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரியும். கடன் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. வெளியே மலிவாக பார்ட்ஸ் வாங்கி வந்து மாட்டச் சொல்லி, அது போனதும் உங்களிடம் வாரண்டி கேட்கிறவர்களும் உண்டு. இருபது லாரி வைத்திருப்பவரின் வண்டி வந்ததும் என் லாரியை ஓரம் தள்ளுவதைக்கூடப் புரிந்துகொள்கிறேன், வலித்தாலும். என் பங்குக்கு, ஆயில் மாற்றியது, ஃபில்டர் மாற்றியது, முன்பு வந்த எரர் கோடுகள் எல்லாம் கிலோமீட்டரோடு எழுதிய நோட்டைக் கொண்டு வருகிறேன். பணத்தை வண்டி எடுக்கும்போதே கட்டுகிறேன். கழற்றிய பாகத்தைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றால், அனுப்பும் முன் ஒருமுறை கண்ணில் காட்டினால் போதும்.

ஆகவே தயவுசெய்து உங்கள் ஜாப் கார்டில் ஒரு வரி அச்சடித்துச் சேர்த்துவிடுங்கள்: "எஸ்டிமேட்டுக்கு மேல் உள்ள எந்த வேலையும் ஓனரின் சம்மதம் பெற்ற பிறகே." பக்கத்திலேயே என் ஃபோன் நம்பருக்கும் கையெழுத்துக்கும் இடம் விடுங்கள். அச்சடித்து வரும்வரை அந்த வரியை நானே பேனாவால் எழுதித் தருகிறேன். அதை அடித்துவிடாமல் இருந்தால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஒற்றை லாரி ஓனர், அதன் டிரைவரும்கூட