ஷெல் துண்டைச் சிலிசியா வெளியே தள்ளுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில் சிலிசியா என்ற ஹோமியோபதி மருந்தைப் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். குளிர் தாங்காத மெலிந்த உடம்பு, நாற்றமடிக்கும் கால் வியர்வை, வெள்ளைப் புள்ளி விழுந்த நகம், ஆறாமல் சீழ் வடியும் கட்டி ஆகியவற்றுக்கு அந்த முறையினர் வழக்கமாக இதைத்தான் கொடுப்பார்கள். அதுவரை சரி. உடம்பில் தங்கிய முள்ளையும் உலோகத் துண்டையும் இது வெளியே தள்ளும் என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. போரில் பாய்ந்த ஷெல் துண்டோடு நடமாடும் எத்தனையோ பேர் உள்ள ஊர் இது. என் இடது கெண்டைக்காலிலும் ஒன்று இருக்கிறது. கட்டுரையை வெட்டியெடுத்துக்கொண்டு, ஒரு குப்பிக் குளிசையோடு பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நிற்கிறார்!

சிலிசியா என்பது சிலிக்கா. அம்பன், வல்லிபுரம் பக்கத்து வெண்மணலிலும் இருப்பது அதுதான். தண்ணீரில் கரையாது என்பதால், ஒரு பங்கை 99 பங்கு பாற்சீனியோடு மணிக்கணக்கில் அரைக்கும் முறையை ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் வகுத்தார். மூன்று படி அரைத்தபின் நீரிலும் மதுசாரத்திலும் மேலும் மேலும் ஐதாக்குவார்கள். இப்படி நூறில் ஒரு பங்காக்குவதை 12 முறை செய்தால் அது 12சி. அந்த 12சி மருந்தில் 60 கிராம் எடுத்தாலும் அதில் சிலிக்காவின் ஓர் அலகாவது இருக்குமா என்பது சந்தேகம். தம்பி கொண்டுவந்ததோ 30சி. ஒரு பொருளில் எத்தனை அலகு இருக்கும் என்று கணக்கிட உதவும் அவோகாதரோ எண்ணைப் பல வருடம் கரும்பலகையில் எழுதியவனிடம் இதைக் கொடுத்தால் வேறு என்ன சொல்வான்?

பனங்கருக்குச் சிலாம்பு சில நாளில் தானாக வெளியே வருவது உண்மை. அதைச் சுற்றி உடம்பே சீழ் கட்டித் தள்ளிவிடுகிறது. அந்த நேரத்தில் குளிசை போட்டிருந்தால் பெயர் குளிசைக்குப் போகும். ஆழத்தில் கிடக்கும் ஷெல் துண்டு அப்படியல்ல. அதைச் சுற்றித் தடித்த நார்த்திசு வளர்ந்து மூடிவிடும். தொல்லை தராவிட்டால் சத்திரசிகிச்சை நிபுணர்களும் பெரும்பாலும் அதைத் தொடமாட்டார்கள். எடுக்கப் போய் நரம்பு அறுந்தால் யார் பதில் சொல்வது? உடம்பில் தகடோ இதயமுடுக்கியோ வைத்தவர்களுக்குச் சிலிசியா கொடுக்க, அதையும் வெளியே தள்ளிவிடுமோ என்று ஹோமியோபதி வைத்தியர்களிலேயே பலர் தயங்குவார்கள். கட்டுரையில் அந்த எச்சரிக்கையாவது வந்திருக்கலாம்.

பழைய காயம் வீங்கினால், சிவந்தால், சீழ் வைத்தால் குளிசையை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலரோகம் (நீரிழிவு) உள்ளவர் காலில் கெளிற்று முள் ஏறினால் அன்றைக்கே போக வேண்டும். ஏற்பு (டெட்டனஸ்) ஊசியையும் மறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் காந்தம் துண்டை அசைக்கக்கூடும். இவற்றை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
கரவெட்டி.