கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். உனக்குத் தெரிந்த அளவு நலம். அம்மாவிடம் தினமும் பேசுகிறாய், அப்பாவிடம் போனைக் கொடு என்று மட்டும் சொல்வதில்லை. வேலை அதிகமாக இருக்கும். சரி.

ராத்திரி தூக்கம் வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாமே. பால் காய்ச்சிக் குடித்துவிட்டுப் படு. மருந்துக்கடையில் எதையும் கேட்டு வாங்கிப் போடாதே. பெங்களூரில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். எங்கேயும்தான் கொடுக்கிறார்கள்.

நீ கேட்ட மாத்திரைப் பட்டியல் பின்பக்கத்தில் இருக்கிறது. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய், தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

டயாலிசிஸ் வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார். உன் வயதுதான் இருக்கும். "வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும், நாட்டு மருந்து இருந்தா அதையும், ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க ஐயா" என்றார். மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு போனேன். அம்மாவை மெஷினில் போட்டதும் மேசைமேல் கொட்டிப் பிரித்தார். 13 வகை, ஒரு நாளைக்கு 22 மாத்திரை. நான் வேளை போட்டு எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்து, "இவ்வளவு சுத்தமா யாரு எழுதினது?" என்று கேட்டார். சொசைட்டியில் 31 வருஷம் பேரேடு எழுதினவன் என்றேன்.

அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் வாசலுக்கே வருகிற பிரஷர் மாத்திரையும் நாம் கடையில் வாங்குவதும் ஒன்றுதானாம். அட்டை வேறு, பெயர் வேறு, உள்ளே இரண்டும் அம்லோடிபின். ஒரே செலவை இரண்டு பக்கத்தில் பற்று எழுதியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. மெஷினில் இரண்டாவது மணி நேரத்தில் அம்மாவுக்குப் பிரஷர் இறங்கிக் கண் சொருகுமே, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நாம் அவளைத் திட்டுவோமே, அதற்கு இதுவும் காரணமாம். அந்த மாத்திரை கூடினால் காலும் வீங்கும். கால் வீக்கத்துக்கு நீர் பிரிய இன்னொரு மாத்திரை. "அம்மா ஒன்னுக்குப் போறாங்களா?" என்றார். ஒரு வருஷமாக ஒரு சொட்டு இல்லை. "அப்ப இது எங்கய்யா வேலை செய்யும்?"

கேஸ் மாத்திரை, மூட்டுவலி மாத்திரைக்குத் துணையாக வந்தது. மூட்டுவலி மாத்திரையை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது, துணை மட்டும் தங்கிவிட்டது. பெரியத்தை வீட்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

எல்லாவற்றையும் நிறுத்திவிடவில்லை. பாஸ்பரஸைக் குறைக்கிற மாத்திரை உண்டு. ஆனால் அதைச் சாப்பாட்டோடு கொடுத்தால்தான் சோற்றில் இருப்பதைப் பிடிக்குமாம், நான் வெறும் வயிற்றில் கொடுத்து வந்தேன். கால் எரிச்சலுக்கான கேபாபென்டின் மூன்று வேளையாக இருந்தது, இனி டயாலிசிஸ் முடிந்த அன்று மட்டும். அது சிறுநீரில்தான் வெளியேற வேண்டும், வழியில்லாதவர்களுக்கு உடம்பிலேயே தேங்கிவிடும் என்றார். பகலில் அவள் தூங்கி விழுந்ததும் கை வெட்டி வெட்டி இழுத்ததும் இப்போது குறைந்திருக்கிறது. நேற்று அவளாகவே வாசலில் கோலம் போட்டாள். நாலு புள்ளிதான்.

நீ ஒருநாள் வந்து உட்கார்ந்து அந்தப் பையைப் பிரித்திருந்தால் இதெல்லாம் என்றைக்கோ தெரிந்திருக்கும். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, யுனிவர்சிட்டியில் மூன்றாவது ரேங்க். வார்டில் நர்ஸ் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். பையைப் பிரித்தது என்னவோ வேறு வீட்டுப் பெண்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீ பிரித்திருந்தாலும் தெரிந்திருக்காது கயல். பையில் 13தான் இருந்தது. பதினாலாவது அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

அல்பிரசோலம். தூக்க மாத்திரை. ஆடி மாதம் அரிப்பு, கால் குடைச்சல் என்று விடிய விடிய அனத்தினாள் இல்லையா, அப்போது சித்தப்பாவின் பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். நரம்பு மாத்திரை என்று அவளிடம் சொன்னேன். அவளுக்காக வாங்கினேன் என்றுதான் எழுத வருகிறது. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. பின்கட்டில் அவள் விழுந்தது ஈரத்தில் வழுக்கி இல்லை. அன்று ராத்திரி ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்திருந்தேன்.

பயந்துபோய் மறுநாளே நிறுத்திவிட்டேன். அது இன்னொரு தப்பு. இரண்டு ராத்திரி உடம்பு நடுங்கி, என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்றாள். அம்மாவுக்கு ஞாபகம் போகிறதா என்று நீ போனில் அழுதபோது, வயசாகிறது இல்லையா என்றேன். அப்புறம் நானே மறுபடியும் கொடுக்க ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா பையைப் பிரித்தபோது ஒன்று சொன்னார். வயதானவர்களுக்கு ஆகாத மாத்திரைகளுக்கு அமெரிக்காவில் ஒரு பட்டியலே இருக்கிறதாம். பியர்ஸ் என்று ஒரு டாக்டர் 1991இல் தொடங்கியது, இப்போது அங்குள்ள முதியோர் மருத்துவச் சங்கம் அவ்வப்போது திருத்துகிறதாம். தூக்க மாத்திரை அதில் முக்கியமானது, தடுமாறி விழுவார்கள் என்றார். அட்டை என் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அடுத்த டயாலிசிஸ் அன்றுதான் எடுத்துக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "டக்குன்னு நிறுத்தக் கூடாதுங்கய்யா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்றோடு ஒன்பது நாள், பாதி மாத்திரையில் இருக்கிறாள்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ பொங்கலுக்கு வருவதானால் டிக்கெட்டை இப்போதே போடு, கிடைக்காது.

பட்டியலில் கோடு போட்டு அடித்திருப்பதெல்லாம் நிறுத்தியது. கடைசி வரியில் 14 என்று போட்டு அதையும் எழுதியிருக்கிறேன். படித்ததும் அம்மா போனுக்கே கூப்பிடு, நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

பால் குடித்துவிட்டுப் படு. எதையும் வாங்கிப் போடாதே.

அப்பா