மகளுக்கு, ஸ்காபரோவிலிருந்து

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும், பரவாயில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மாமி வீட்டு விசேஷத்தில் உன் படத்தை ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்கிற பெடியன் எந்த நாடு என்று சித்தப்பா கேட்டார். ஆபிரிக்காவாக்கும் என்றார் மாமி. இல்லை, ஜமேக்கா என்றார் இன்னொருவர். அப்பா எழும்பிக் கார் பார்க்கப் போய்விட்டார். நான் வடையைத் தின்றுகொண்டிருந்தேன்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் எங்கள் சாப்பாட்டறைக்கு வந்தால் இவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். ஜமேக்கா அக்காவின் தாய், 1955இல் தொடங்கிய வீட்டுவேலைத் திட்டத்தில் வந்தவர். கல்யாணமாகாத பெண்களை மட்டும்தான் அதில் எடுத்தார்கள். சோமாலியாப் பிள்ளையின் குடும்பம் எங்களைப் போலச் சண்டைக்குள்ளிருந்து ஓடி வந்தது. நைஜீரியாக்காரி அங்கே நேர்ஸ், இங்கே எங்களோடு கட்டில் விரிக்கிறாள். அவளுக்கும் கானாக்காரிக்கும் ஜொலோஃப் சோறு யாருடையது என்று ஓயாத வழக்கு. ஜமேக்கா அக்காவின் மகள் நைஜீரியப் பெடியன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்றதும், அக்கா ஒரு மாதம் அழுதார். எங்கள் ஆட்கள் தோற்றார்கள் போ.

ஆனால் உன் பெடியனின் ஆட்களைப் பற்றி, நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஹலிஃபக்ஸுக்குக் கிட்டவுள்ள பிரெஸ்டன் பக்கத்துக் கறுப்பினத்தவரைப் பற்றிக் கேட்க எனக்கு இங்கே யாரும் இல்லை. நீயும் ஒருதரம் சொன்னதோடு சரி. அதனால் நானே தேடி வாசித்தேன். அமெரிக்கச் சுதந்திரச் சண்டை முடிந்த 1783இல் மூவாயிரம் கறுப்பினத்தவர் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்திருக்கிறார்கள். சொன்னபடி காணி கிடைக்காமல், 1792இல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சியரா லியோனுக்குக் கப்பலேறிவிட்டார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் மோதிய 1812 சண்டைக்குப் பிறகு வந்தவர்களில் கனபேர்தான் பிரெஸ்டனில் குடியேறினார்களாம். கனடா என்று ஒரு நாடு உண்டானதே 1867இல். சித்தப்பாவுக்கு இனி எந்த நாடு என்று நான் சொல்வது?

ஹலிஃபக்ஸில் கறுப்பினத்தவர் வாழ்ந்த அஃப்ரிக்வில் என்ற ஊரைப் பற்றியும் வாசித்தேன். அறுபதுகளில் நகரசபை வீடுகளை இடித்து, சனத்தின் தட்டுமுட்டுச் சாமானைக் குப்பை லொறியில் ஏற்றியதாம். தேவாலயத்தை இரவோடிரவாக இடித்ததாம். மன்னிப்புக் கேட்டது 2010இல். 95இல் யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் இடம்பெயர்ந்தபோது அப்பம்மா தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தது உனக்குத் தெரியும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இன்னொன்று. ஹலிஃபக்ஸில் பொலிஸ் கறுப்பினத்தவரை மற்றவர்களைவிட ஆறு மடங்கு கூடுதலாக மறித்து விசாரித்திருக்கிறது என்று 2019இல் ஓர் அறிக்கை வந்திருக்கிறது. இரவில் காரில் போகும்போது கவனம். மறித்தால் வாய் காட்டாதே. உனக்கு என் வாய். பெரிய மாமாவை ஆனையிறவில் மறித்ததை மறக்காதே. நீ படித்த பிள்ளை, பயமில்லாத பிள்ளை, அதைச் சொல்லித்தான் எல்லாரிடமும் பெருமையடிக்கிறேன். என்றாலும் இரவில் கவனம். அவனுக்கும் சொல்.

அப்பா கோபமாக இல்லை. கதைக்கிறார் இல்லை, அவ்வளவுதான். நீ எடுத்தால் கதைப்பார். பெற்ற தகப்பனுக்கு ஒரு ஃபோன் எடுக்க இவ்வளவு யோசனையா?

கறித்தூள் வறுக்கப் போகிறேன். வழக்கமாக அனுப்புகிற அளவு காணுமா, கூட வேணுமா? உறைப்பைக் குறைக்கவா? சொல்லு.

அம்மா